இங்கே ஒரு நல்ல வரி வரும்

தலைவர் மூன்று நாள் தலைமைப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஆபீசில் ஒருவராலும் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. தண்ணீர் கேனுக்கு மேலே 'தாகமே தலைமை' என்று ஒரு போஸ்டர். கழிவறைக் கதவில் 'உனக்குள்ளே பார்'. மீட்டிங் அறையில், சுவரையே விழுங்கிக்கொண்டு, 'தவறை ஏற்பவனே தலைவன்'.

அது பிராண்டிங் கம்பெனி. ஊரார் செய்யும் சாமானுக்குப் பெயர் வைத்து, பெட்டி வரைந்து, பார்த்தவர் மயங்கும்படி ஒரு வரி எழுதிக் கொடுப்பது தொழில். பதினேழு வருடமாக அந்த வரிகளை எழுதுகிறவளுக்கு வரியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு மனிதனும் ஒரு பிராண்ட் என்று தலைவர் முகாமில் கேட்டுவிட்டு வந்ததால், திங்கட்கிழமைதோறும் எல்லாரும் ஒரு படிவத்தில் தங்களுக்குத் தாங்களே பத்துக்கு மார்க் போட்டு, தங்களைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டும். வரியக்கா 'வேலை செய்கிறேன்' என்று எழுதி ஏழு போட்டாள். தலைவர் அதைச் சிவப்பில் வட்டமிட்டு, 'தீ போதவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

அவளை விடப் பாவம் ஓவியர். பெட்டிகளை வரைகிறவர், ஐம்பத்தேழு வயது. 'வேகம் இல்லை' என்று ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் மனைவி படுத்த படுக்கை. அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு கதி இல்லை.

ஓவியருக்கு ஒரு பழக்கம். வரியக்காவின் வரி கைக்கு வரும்வரை, பெட்டியில் அந்த இடம் காலியாகத் தெரியக் கூடாது என்று, 'இங்கே ஒரு நல்ல வரி வரும்' என்று போட்டு வைப்பார். வரி வந்ததும் அதை எடுத்துவிட்டு இதை வைப்பார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

பூட்டுக் கம்பெனி வேலை வந்தது. 'நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்' என்று வரியக்கா எழுதிக் கொடுத்தாள். பூட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? தலைவருக்கு அதிலும் தீ போதவில்லை. "நானே ஒண்ணு யோசிக்கிறேன்" என்றார். மறுநாள், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து விழும் நம்பிக்கைப் பயிற்சி. எல்லார் போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டார்கள், தலைவர் போனைத் தவிர. ஓவியர் காலையிலேயே பெட்டியின் படத்தை அவருக்கு அனுப்பி, 'வரி மட்டும் பாக்கி சார்' என்று எழுதியிருந்தார். தலைவர் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாகத் தட்டிவிட்டு, பெட்டியின் படத்தைப் படித்துப் பார்க்காமல் அப்படியே அச்சகத்துக்குத் தள்ளிவிட்டார்.

இருபதாயிரம் பெட்டி அச்சாகி வந்தது.

பூட்டு முதலாளி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே மீட்டிங் அறைக்கு வந்தார். மேசையில் வைத்து உரக்கப் படித்தார்.

"இங்கே ஒரு நல்ல வரி வரும். என்ன வரிங்க இது? வீட்டு வரியா, தண்ணி வரியா? பூட்டு வாங்கினா வரி போடுவாங்கன்னு ஜனங்களை மிரட்டுறீங்களா?"

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சுவரில் இருந்த வாசகம் அவருக்குக் கை கொடுத்தது. மெல்ல ஓவியர் பக்கம் திரும்பினார்.

"ஏத்துக்கங்க. தப்பை ஏத்துக்கிட்டாதான் வளர்ச்சி."

ஓவியரின் சட்டைப் பையில் இருந்த போனிலேயே அந்தக் கட்டைவிரல் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும். அவருக்கு அந்தத் தைரியம் ஏது? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவர் கேட்ட தீ அப்போதுதான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தப்பே இல்லைங்க," என்றாள். "தெரிஞ்சுதான் போட்டோம்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"கடையில இருக்கற பூட்டெல்லாம் என்னை உடைக்க முடியாது, திறக்க முடியாதுன்னு கத்துது. உங்க பூட்டு மட்டும்தான் வாயைத் திறக்கல. பூட்டுன்னா வாயைத் திறக்கக் கூடாதுங்க. வாங்குறவங்க தன் வீட்டைப் பத்தி அந்த இடத்துல ஒரு வரி எழுதிக்கட்டும்னு விட்டிருக்கோம்."

அத்தனையும் அந்த நிமிஷத்தில் திரித்த கயிறு. முதலாளி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாயைத் திறக்கக் கூடாது..." என்று சொல்லிப் பார்த்துவிட்டு, தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"பலே! யாருங்க யோசிச்சது?"

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தான்."

ஓவியர் உட்கார்ந்துவிட்டார். அதற்காகத்தானே இத்தனையும் என்று வரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெட்டி பிய்த்துக்கொண்டு போனது. ஜனங்கள் அந்த வரிக்கு அடியில் தங்கள் வரியை எழுதி, போட்டோ எடுத்துப் போட்டார்கள். 'நாங்கள் வெளியூர், நாய் உள்ளூர்' என்று ஒருவர். 'சாவி அவளிடம், நான் வாசலில்' என்று இன்னொருவர். தலைவருக்கு ஆண்டின் துணிச்சலான வரிக்கான விருது கிடைத்தது. அதே வாரம் வரியக்காவின் ஆண்டு மதிப்பீடும் வந்தது. தலைமைப் பண்பு: பத்துக்கு நான்கு. குறிப்பு: 'தலைவரின் துணிச்சலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்.'

"அந்தக் கட்டைவிரல் இன்னும் என் போன்லதான் இருக்கு. காட்டிடவா?" என்றார் ஓவியர்.

"வேணாம்ண்ணே. உங்க வேலை தப்பிச்சுதே, அது போதும்."

போதவில்லை. வாய்தான் அப்படிச் சொன்னது.

விருது கொடுத்தவர்கள் ஒரு சிறப்பு மலர் போட்டார்கள். தலைவருக்கு முழுப் பக்கம். கைகட்டி நிற்கும் படம், கீழே அவரைப் பற்றி ஒரே ஒரு வரி.

"நல்லா யோசிச்சு எழுதுங்கம்மா," என்றார் தலைவர்.

வரியக்கா உண்மையாகவே இரண்டு நாள் யோசித்தாள். ஷாம்புவுக்கும் குடைக்கும் கூசாமல் பொய் எழுதிய கைதான். இதற்கு வரவில்லை. ஓவியர் வழக்கம்போலப் பக்கத்தை வரைந்து வைத்திருந்தார். "வரி எங்க வரியக்கா?" என்று கேட்டார். "இருக்கறதே இருக்கட்டும்ண்ணே. அனுப்புங்க," என்றாள். நாலு விநாடியில் தலைவரிடமிருந்து கட்டைவிரல் வந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் அவள் தலைவர் அறைக்கே போனாள்.

"சார், ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்களேன்."

"உங்க மேல நம்பிக்கை இருக்கும்மா. நம்பிக்கைதான் தலைமை," என்றார், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

மலர் வந்த அன்று ஆபீஸே கூடி நின்று பிரித்தது. கைகட்டி நிற்கும் தலைவர். அவர் காலடியில், தடித்த எழுத்தில்: இங்கே ஒரு நல்ல வரி வரும்.

தலைவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரியக்காவின் மேசைக்கு வந்தார். காது சிவந்திருந்தது.

"என்னம்மா இது?"

வரியக்கா எழுந்து நின்று, மரியாதையாகச் சொன்னாள்.

"உங்க வரிதானே சார்? நீங்கதானே யோசிச்சீங்க?"

தலைவர் வாயைத் திறந்தார். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமைப் படிவத்தில் வரியக்கா தலைமைப் பண்புக்குத் தனக்குப் பத்து போட்டுக்கொண்டாள். யாரும் அதை வட்டமிடவில்லை.