தண்ணி வந்துக்கினு கீது

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு வகுப்பில் 'இன்னா' என்று பேச முடியுமா? அப்பா ஆசைப்பட்டு வைத்துவிட்டார். சுமப்பது நான்.

தியாகதுருகத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் தொடக்கப்பள்ளி. பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியை நான், இன்னொருவர் அன்புச்செல்வன் சார். பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒரே தெரு. பெற்றோரில் பெரும்பாலோர் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் 'வூடு' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்து 'வீடு' என்று எழுதுவேன். 'வந்துக்கினு' என்றால் வரி முழுவதும் அடித்துவிடுவேன். பதினொரு வருடமாக இந்தப் பள்ளியில் நான் தீர்த்த சிவப்புப் பேனாக்களுக்குக் கணக்கே இல்லை.

என்னுடைய பெரிய தலைவலி இலக்கியா. ஐந்தாம் வகுப்பு. வகுத்தல் கணக்கை மனதிலேயே போட்டு விடை சொல்கிற பெண், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். அவள் சோம்பேறி இல்லை. தெருக் குழாயடியில் காவல் நிற்கிறாள். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் அரை மணி நேரம்தான். வீட்டு வேலையில் இருக்கிற பெண்களுக்குக் குரல் கொடுத்துக் கூப்பிட ஒரு ஆள் வேண்டும். இலக்கியாவின் தொண்டை அப்படிப்பட்டது. அவள் ஒரு குரல் விட்டால் இருபத்திரண்டு வீட்டுக்கும் கேட்கும். தெருவே சேர்ந்து அவளை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டது.

அவள் அம்மா பாப்பாத்தியிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். ஒருமுறை அவள் அமைதியாகச் சொன்னாள்: "எம்பொண்ணு நின்னாத்தான் டீச்சர் தெருவே சோறாக்குது. நீங்க வேணா வந்து நில்லுங்க." எனக்குக் கோபம்தான் நிறைய வந்தது. அடுத்த வருடம் ஆறாம் வகுப்புக்கு அவள் தியாகதுருகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இப்படியே போனால் ஏற மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அன்புச்செல்வன் சார் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். பயிற்சிக்குப் போய் வருகிறவர்கள் நாலு நாளைக்கு ஆடுவார்கள், ஐந்தாம் நாள் அடங்கிவிடுவார்கள் என்பது என் அனுபவம். இவர் அடங்கவில்லை. உங்கள் தெருவில் எதையாவது ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டார். யாரும் யோசிக்கவே இல்லை. குழாய் என்றார்கள்.

அரசு கொடுத்த தொடுதிரை டேப் இதுவரை வருகைப்பதிவுக்கும் என் எரிச்சலுக்கும் மட்டுமே பயன்பட்டு வந்தது. அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். பதினான்கு நாள் தண்ணீர் வந்த நேரத்தை இலக்கியா குழாயடியிலிருந்து குரல் கொடுத்துச் சொல்ல, மற்றவர்கள் டேப்பில் குறித்தார்கள். அதைப் பட்டை வரைபடமாக வரைந்து சுவரில் ஒட்டினார் சார். ஒன்று உயரம், ஒன்று குட்டை, நடுவில் இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. பல்லு போன வாய் மாதிரி கீதுன்னு நாலாம் வகுப்பு பிரவீன்குமார் சொல்ல, 'இருக்கிறது' என்று நான் திருத்தினேன்.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் திறந்துவிடுகிற தனசேகரனைப் பள்ளிக்கே வரவழைத்துக் கேள்வி கேட்டார்கள். மனிதர் வெலவெலத்துப் போனார். மூன்று ஊருக்கு அவர் ஒருவர்தான். மும்முனைக் கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும், அது எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. ஆகவே நேரத்தை மாற்ற முடியாது. அப்படியானால் இலக்கியாவுக்குப் பதிலாகக் குழாயடியில் இன்னொன்று நிற்க வேண்டும் என்று பிள்ளைகளே முடிவுக்கு வந்தார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகூட அதைத் தெளிவாகச் சொன்னது. எனக்கு அப்போதே உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், காட்டிக்கொள்ளவில்லை.

செய்தது இதுதான். குழாயைத் திறந்தே வைத்துக் கீழே ஒரு பக்கெட். தண்ணீர் விழுந்தால் அதிலுள்ள பிளாஸ்டிக் பந்து மேலே எழும்பி ஒரு சுவிட்சைத் தட்டும். தெருவில் காய்கறி விற்கிறவர்கள் வண்டியில் கட்டியிருப்பார்களே, பேசிப் பதிந்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும் ஒலிபெருக்கி, அது பேச ஆரம்பிக்கும். மறுநாளுக்குப் பக்கெட் தானாகக் காலியாக வேண்டும் என்று அடியில் சின்ன ஓட்டை போட்டவன் பிரவீன்குமார். அது யாரும் சொல்லிக்கொடுக்காதது.

இனி அதில் யார் பேசுவது? பிள்ளைகளில் ஒருவர் பேசட்டும் என்றார் சார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் ஒன்றிய அளவிலான பள்ளிக் கண்காட்சிக்குப் போகப்போகிற பொருள், அதிகாரிகள் கேட்பார்கள், அதில் போய் 'கீது' 'கினு' என்றா? தொண்டையைச் செருமிக்கொண்டு நானே பதிந்தேன்: "அன்பார்ந்த பொதுமக்களின் கவனத்திற்கு. தற்போது குடிநீர் வழங்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அனைவரும் பயன்படுத்திக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." ஒரு பிசிறு இல்லை. திரும்பப் போட்டுக் கேட்டு எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

பாப்பாத்தி ஒரு நாள் கெடு கொடுத்தாள். ஒரு குடம் காலியாக இருந்தாலும் மறுநாள் மகள் குழாயடிக்குத்தான். சரி என்று தைரியமாகச் சொன்னேன்.

அன்று இலக்கியா வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றே காலுக்குப் பின்பக்கத்திலிருந்து என் குரல் கணீரென்று கேட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் வருகிறார்களா என்று பார்க்கத்தானே சோதனை, அதனால் யாரும் போகக்கூடாது என்று உட்கார வைத்தோம். அரை மணி நேரம் நான் பொதுமக்களை அன்புடன் கேட்டுக்கொண்டே இருந்தேன். போய்ப் பார்த்தால், வரிசையாக நின்ற குடங்களில் ஒன்றுகூட நிரம்பவில்லை. தண்ணீர் பக்கெட்டில் வழிந்து சாக்கடையில் போயிருந்தது.

குழாய்க்கு எதிர்வீடு கொளஞ்சியம்மாளுடையது. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள், பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். காது கேட்கவில்லையா என்று சத்தம் போட்டேன். அவள் தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே சொன்னாள்: "கேட்டுச்சிங்க டீச்சர். வூட்டு வரி கட்டச் சொல்லிக்கினு ஆட்டோ போவுதுன்னு இருந்துட்டேன்."

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த பாப்பாத்தி காலிக்குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் இலக்கியாவின் இடம் காலி. எனக்குத் தெரு முழுவதன் மேலும் ஆத்திரம். பிள்ளைகள் ஆத்திரப்படவில்லை, டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பதிந்துவந்தார்கள். வகுப்பில் அதை வரிசையாகப் போட்டோம். கட்சிக்காரங்கன்னு நெனச்சேன். முகாம்னு நெனச்சேன். சாலம்மாள் என்ற பெண், கரண்ட் ஆபீசிலிருந்து யாரோ திட்டுகிறார்கள் என்று கதவையே சாத்திக்கொண்டாளாம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்புச்செல்வன் சார் ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்குகிறார் என்று அவர் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

எழுந்து குழாயடிக்குப் போனேன். இலக்கியா குடங்களுக்கு நடுவில் குந்தியிருந்தாள், மடியில் கணக்கு நோட்டு. என் அறிவிப்பில் என்ன குறை என்று அவளைக் கேட்டேன். அவள் நோட்டை மூடி வைத்தாள்.

"நல்லாத்தான் இருந்திச்சி டீச்சர். ஆனா நம்மளக் கூப்புடற மாதிரியே இல்ல."

சுருக்கென்றது. நான் பிறந்தது எலவனாசூர்கோட்டை. என் வீட்டிலும் வூடுதான், இன்னாதான். ஆசிரியப் பயிற்சி விடுதியில் மற்ற பெண்கள் சிரித்ததால் ஒரே வருடத்தில் அத்தனையையும் துடைத்துப் போட்டேன். என்னைப் பெற்ற அம்மா கூப்பிட்டதுகூட இந்தக் குழந்தையின் பேச்சில்தான். அது தப்பு என்று பதினொரு வருடம் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவள் கையைப் பிடித்து வகுப்புக்கு அழைத்துவந்தேன். குழாயடியில் சாரை நிற்கச் சொன்னேன். ஒலிபெருக்கியை அவள் முன்னால் வைத்து, தினமும் எப்படிக் கூப்பிடுவாயோ அப்படியே கூப்பிடு என்றேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

"அப்படியேவா டீச்சர்? திருத்த மாட்டீங்களே?"

பதிவுப் பொத்தானை நானே அழுத்தினேன்.

பாப்பாத்தியிடம் இன்னும் ஒரே ஒரு நாள் கேட்பதற்கு என் கௌரவத்தையெல்லாம் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். தப்பு தெருவினுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். டீச்சர் ஒருத்தி வாசலில் நின்று இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது. சரி என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். இலக்கியா கரும்பலகையில் வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு இருபதுக்கு அவள் குரலே பின்பக்கத்திலிருந்து எழுந்தது.

"யம்மோவ், தண்ணி வந்துக்கினு கீது! கொளஞ்சியத்த, சாலம்மா பெரிம்மா, கொடத்த எடுத்துக்கினு ஓடியாங்க!"

தெருவில் கதவுகள் திறக்கும் சத்தம். தையல் மெஷின் நின்றது. கொளஞ்சியம்மாள் யாரையோ அதட்டிக்கொண்டு ஓடுவது கேட்டது. குடங்கள் ஒன்றோடொன்று இடித்தன. இலக்கியா பழக்கத்தில் சாக்பீஸைப் போட்டுவிட்டு வாசல்வரை ஓடிவிட்டாள். அங்கே நின்று, தன் குரலைத் தானே கேட்டாள். பதிவில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. அதை அவள் அவசரமாகக் கடைசியில் சேர்த்திருந்தாள், நானும் பெரிதாகக் கவனித்திருக்கவில்லை. இப்போது அது தெருக்கோடிவரை போனது, போய்த் திரும்பத் திரும்ப வந்தது.

"எங்கூட்டுக் கொடத்தயும் ரொப்பி வையிங்க. நான் இஸ்கூல்ல கீறேன்!"

அவள் திரும்பிவந்து சாக்பீஸை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போட்டாள். மீதி பூஜ்யம்.

கண்காட்சிக்கான அட்டையில் அன்று மாலையே நான் இலக்கியா பதிந்ததை அப்படியே என் அழகான கையெழுத்தில் பெரிதாக எழுதினேன். இலக்கியா பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தாள். நான் 'கிறேன்' என்று எழுதியிருந்தேன், நெடில் குறைகிறது, 'கீறேன்' என்று வர வேண்டும் என என்னைத் திருத்தினாள்.