மாப்பிள்ளையைத் திட்ட ஆளில்லை

1

இந்தக் கதை ஒரு சலூன் நாற்காலியில் பிறந்தது. அதற்கு முந்தின நாள் வரை இது கதையே இல்லை, கட்டுரை. ஒரு பத்திரிகையிலிருந்து ஃபோன் வந்தது. கால்பந்து கிளப்புகள் வேறு கிளப்பிலிருந்து ஆட்டக்காரர்களை இரவல் வாங்கி டீமைப் பலப்படுத்திக்கொள்கின்றனவாம், அதைப் பற்றி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். பந்தைக் கையால் தொடக் கூடாது என்பதைத் தவிர எனக்குக் கால்பந்தில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் யாராவது எழுதச் சொன்னால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது. உட்கார்ந்தேன்.

"உலகக் கால்பந்து அரங்கில் இரவல் ஆட்டக்காரர்களின் பங்களிப்பு அளப்பரியது என்பதை எவரும் மறுக்க

(இங்கே எனக்கே தூக்கம் வந்துவிட்டது. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

மறுநாள் கள்ளக்குறிச்சியில் முடிவெட்டப் போனேன். பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு ஒருவர் ஃபோனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "வெளியூர் ஆள எறக்கணும்னா யாரையாவது எறக்குடா. மாப்ளய போய் எறக்கினா எவன்டா திட்றது?"

அவ்வளவுதான். அவர் யார், எந்த ஊர், எந்த மாப்பிள்ளை, ஒன்றும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டால் எனக்கு என்ன வேலை? அதனால் கேட்கவில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "கல்வராயன் மலைமேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த

வேண்டாம். மலை என்றதும் பனியில் ஆரம்பிக்கிற வியாதி எங்கள் ஆட்களுக்கு உண்டு.

இரண்டாவது: "ஜீவா பந்தை உதைத்தான்."

நல்ல வாக்கியம்தான். ஆனால் உதைத்த பந்து எங்காவது போய்ச் சேர வேண்டுமே. முதல் வரியிலேயே கதை முடிந்துவிடும் போலிருந்தது. எடுத்து ஓரமாக வைத்திருக்கிறேன், பின்னால் தேவைப்படலாம்.

மூன்றாவது: "கொளஞ்சியப்பன் வாயைத் திறந்தால் வடக்கனந்தல் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எல்லோரும் தன்னைத்தான் திட்டுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள்."

இது இருக்கட்டும்.

(ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொளஞ்சியப்பன் இந்தக் கதைக்குச் சொந்தமானவர் இல்லை. என்னுடைய வேறொரு கதை பாதியில் நிற்கிறது. அதில் அவர் நெல் அறுக்கிற மெஷினை ஊர் ஊராக அனுப்பும் ஏஜெண்ட். மெஷின் ஓடும்போதே டிரைவருக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். அந்தக் குரலுக்காகத்தான் அவரை இங்கே இரவல் வாங்கி வந்தேன். வந்த இடத்தில் அவர் வாயையே கட்டிப்போட வேண்டியதாகிவிட்டது.)

3

வடக்கனந்தல் டீமுக்குக் கோச் என்று யாரையும் யாரும் நியமிக்கவில்லை. கத்துகிறவர் கோச். ஆகவே கொளஞ்சியப்பன் கோச்.

ஆடிப்பெருக்கு அன்று மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு போட்டி. ஒவ்வொரு டீமும் வெளியூர் ஆள் ஒருவரை இறக்கிக்கொள்ளலாம். வடக்கனந்தல் வழக்கமாக நெய்வேலியிலிருந்து ஒருவரைக் கூட்டி வரும். இந்த வருஷம் அவர் துபாய் போய்விட்டார். கேப்டன் வெற்றிவேல் யார் யாருக்கோ ஃபோன் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கொளஞ்சியப்பனின் அண்ணன் மகன்.

"டேய் வெற்றி, நம்ம வூட்லயே செண்டர் ஃபார்வர்ட வெச்சிக்கினு ஊர் ஊரா இன்னாத்துக்குடா ஃபோன் போட்டுகினு இருக்க?" என்றார் கொளஞ்சியப்பன்.

"யார சித்தப்பா சொல்ற?"

"நம்ம மாப்ளடா!"

அவருடைய மகள் தேவிப்ரியாவை வைகாசியில் ரிஷிவந்தியத்து ஜீவாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இது தலை ஆடி. பெண்ணை அழைத்து வர வேண்டும், மாப்பிள்ளைக்கு விருந்து வைக்க வேண்டும். விருந்துக்கு வருகிற மாப்பிள்ளையை அப்படியே மைதானத்திலும் இறக்கிவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

ஆடி அழைப்புக்குப் போனபோது கொளஞ்சியப்பன் தாம்பாளம் இரண்டு கொண்டுபோனார். வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி சேலையோடு ஒன்று சம்பந்தி வீட்டுக்கு. அதே வெற்றிலை பாக்கு பழத்தோடு, வேட்டிக்குப் பதில் ஒரு புதுப் பந்து வைத்த இன்னொன்று ரிஷிவந்தியம் டீமுக்கு. அந்த டீம் கேப்டன் ஆதிமூலம் பந்தை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"தாராளமா இஸ்துகினு போங்க. ஆனா ஒண்ணு. அவன் திட்னாதான் ஓடுவான். வுட்டீங்கன்னா அங்கியே நின்னுடுவான்."

"எங்க வூட்டு மாப்ளய திட்றதா? இன்னா தம்பி பேச்சு இது?" என்று கொளஞ்சியப்பன் காதைப் பொத்திக்கொண்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆதிமூலம் மட்டும் சிரிக்கவில்லை.

4

ஆடியில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து இருக்கக் கூடாது. அதனால் ஜீவாவுக்கு வெற்றிவேல் வீட்டில் படுக்கை, மாமனார் வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் மைதானம். தேவிப்ரியா தினமும் மைதானத்துக்கு டீ கொண்டு வந்தாள். ஊரே அதைப் பெருந்தன்மையோடு பார்க்காத மாதிரி இருந்தது.

முதல் நாள் ஜீவா அடித்த பந்து கோல் கம்பத்துக்கு ஏகப்பட்ட தூரம் தள்ளிப்போய்க் கரும்புக்குள் விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். ரிஷிவந்தியமாக இருந்தால் இந்நேரம் ஆதிமூலம் அவன் பரம்பரையையே கூப்பிட்டு விசாரித்திருப்பான். அங்கே யாரும் அவனை ஜீவா என்று அழைத்ததில்லை. அழைத்த பெயர்களை அச்சில் ஏற்ற முடியாது.

"பரவால்லீங்க மாப்ள," என்றார் கொளஞ்சியப்பன். "கம்பத்த தப்பா நட்டுட்டானுங்க."

பிறகு அதே மூச்சில் திரும்பினார். "டேய் வெற்றி! பாஸாடா அது? காலு உன்னுதா, வாடவைக்கு எடுத்துகினு வந்தியா?"

இப்படியே போயிற்று. டீமில் எல்லோருக்கும் தேவிப்ரியா அக்கா முறை, அதனால் எல்லோருக்கும் அவன் மாமா. "மாமா, முடிஞ்சா பந்த குடுங்க மாமா" என்று கெஞ்சுவார்கள். பந்தை வைத்துக்கொண்டு அவன் வந்தால் மரியாதையாக விலகி வழிவிடுவார்கள். வலையைச் சுருட்ட அவன் குனிந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். மைதான ஓரத்தில் அவனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் சேர், சேர்மேல் துண்டு, கையில் கோலி சோடா.

ஜீவா தவறவிட்ட பந்துக்கெல்லாம் வெற்றிவேல்தான் திட்டு வாங்கினான்.

"மாமா, நீங்க ஒதச்சா எனக்கு வுழுது மாமா," என்று ஒருநாள் அழாத குறையாகச் சொன்னான்.

ஜீவாவுக்கு அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

5

இந்த இடத்தில் நான் பேனாவை மூடிவிட்டு யோசித்தேன். திட்டு வாங்க ஆசைப்படுகிற மனிதன் உலகத்தில் உண்டா? வாசகர் நம்புவாரா? "சேரும் சோடாவும் கொடுத்தால் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஜீவாவையே பேசவிடுகிறேன்.

"உங்கப்பாவுக்கு என்ன புடிக்கலியா?" என்று அவன் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்தபடி தேவிப்ரியாவிடம் கேட்டான்.

"யார் சொன்னா? உங்கள தலைல வெச்சிகினு ஆடறாரே."

"அதான் கேக்கறன். ஊர்ல இருக்கிறவன எல்லாம் வாய்க்கு வந்தபடி பேசறாரு. என்ன மட்டும் இன்னாத்துக்கு தலைல வெச்சிக்கறாரு? எறங்கவே முடியல."

தேவிப்ரியா சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அப்பா திட்டாத ஆட்கள் யார் யார்? பேங்க் மேனேஜர், கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்துவிட்டுப் போகிற தூரத்து ஊர்க்காரர்கள். நாளைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று தெரிந்தவர்கள்.

"எங்கப்பா என்ன ஒரு வாரம் திட்டலன்னா எனக்கே பயம் வந்துடும்," என்றாள். "அவருக்கு ஒடம்பு சரியில்லயோன்னு."

"எனக்கு கண்ணாலம் ஆனதுலருந்து அந்த பயம்தான்."

(சரி, இப்போது நான் நம்புகிறேன். நீங்கள்? அவனுக்குப் போட்டியில் ஜெயிக்கிற கோப்பை இரண்டாம்பட்சம்தான். அந்த வீட்டில் விருந்தாளியாகவே கிழவனாகிவிடுவோமோ என்பதுதான் அவன் கவலை. இரவல் ஆளாக வந்தவன், இரவல் ஆளாகவே திரும்பிப் போய்விடக் கூடாது.)

6

ஆடிப்பெருக்கு. கச்சிராயபாளையம் வழியாகக் குட்டி யானை வேன் மலை ஏறியது. பின்னால் டீம் மொத்தமும் நின்றுகொண்டு தாளம் தட்டிப் பாட்டுப் பாடியது. ஜீவாவை மட்டும் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

எப்படியோ ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். (எப்படி என்று கேட்காதீர்கள். நடுவில் இருந்த ஆட்டங்களை எழுத எனக்குக் கால்பந்து போதாது.) எதிரே உள்ளூர் வெள்ளிமலை டீம். மைதானம் ஒருபக்கம் சரிவு. அதில் ஏறி இறங்கி வளர்ந்த கால்கள் அவர்களுடையவை. முதல் பாதியில் ஒரு கோல் போட்டார்கள். ஜீவா காலுக்கு மூன்று முறை பந்து நேராக வந்தது, மூன்று முறையும் அவன் நின்றான். கொளஞ்சியப்பன் துண்டை வாயில் கவ்விக்கொண்டார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"அப்பா, அவர திட்டுப்பா," என்றாள் தேவிப்ரியா.

துண்டை எடுத்தார். "நாளிக்கி சம்பந்தி மூஞ்சில எப்டிம்மா முழிக்கிறது?" மறுபடி கவ்விக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் வெற்றிவேல் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். வாங்கிய திட்டெல்லாம் சேர்ந்து முட்டியது போலிருந்தது அந்த முட்டு. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிகிற நேரத்தில் வடக்கனந்தலுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது.

வெற்றிவேல் பந்தை எடுத்து வைத்தான். பிறகு யாரும் எதிர்பாராமல் அதை ஜீவா கையில் கொடுத்தான்.

"நீங்க அடிங்க மாமா."

"மரியாதைக்கு குடுக்கறியா?"

வெற்றிவேல் அவன் காதருகில் குனிந்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எழுதினால் அச்சில் ஏறாது. ஜீவாவுக்கு ஆடி மாதத்தில் முதல்முறையாகக் கால் துறுதுறுத்தது.

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: கோல். கோப்பை. மாலை. மறுபடி குட்டி யானையின் முன் சீட்டு. பின்னால் பாட்டு. "எங்க மாப்ள மாதிரி உண்டா" என்று கொளஞ்சியப்பன் ஊரெல்லாம் சொல்வார். அடுத்த ஆடிக்கும் தாம்பாளம் வரும். இது எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்த விருந்தாளியும் விருந்தாளிதான்.

இரண்டு: பந்து வெளியே. "பரவால்லீங்க மாப்ள, காத்து ஜாஸ்தி." இதை எழுத எனக்குக் கை வரவில்லை. இத்தனை தூரம் கூட வந்த பையனை அப்படி விட்டுவிட முடியாது.

மூன்றாவது முடிவைத்தான் தினமும் எழுதுகிறேன், தினமும் அடிக்கிறேன். ஏனென்றால் அதில் கொளஞ்சியப்பன் பேச வேண்டும். அவர் என்னுடைய இரவல் ஆள். பாதியில் நிற்கிற அந்தக் கதையிலிருந்து வந்திருக்கிற விருந்தாளி. அவரிடம் "கத்துமய்யா" என்று அதட்ட எனக்கும் வாய் வரவில்லை. நானும் வடக்கனந்தல்காரன் மாதிரியே ஆகிவிட்டேன்.

ஆகவே இதை உங்களிடம் கொடுக்கிறேன். நீங்கள் யாருக்கும் சம்பந்தி இல்லை.

ஓரமாக எடுத்து வைத்த வாக்கியம் இதோ.

ஜீவா பந்தை உதைத்தான்.

பந்தை நான் பார்க்கவில்லை. கொளஞ்சியப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் எழுந்துவிட்டார். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் சேர் கவிழ்ந்துவிட்டது. துண்டு கீழே விழுந்துவிட்டது. பந்து வெளியே போயிருந்தால் அதற்குத் திட்டலாம். உள்ளே போயிருந்தால், இவ்வளவு நேரம் என்ன பிடுங்கிக்கொண்டிருந்தாய் என்று திட்டலாம். காரணத்துக்கு அவரிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

பெனால்டி அடித்த இடத்திலேயே ஜீவா திரும்பி நிற்கிறான். பந்தை அவனும் பார்க்கவில்லை. மாமனாரின் வாயையே பார்க்கிறான்.

வாய் திறந்துவிட்டது. அதற்குள் என்ன வார்த்தை வேண்டுமானாலும் வையுங்கள். மரியாதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.