கம்பெனி கட்டாத வீடு

"இந்த வீடு எப்பவாவது கம்பெனிக்குச் சொந்தமா இருந்துச்சாம்மா?" அந்தப் பெண் கேட்டது இந்த ஒரு கேள்விதான்.

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் அக்கா ஓசெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுபத்தெட்டு வயதில் அவள் இடுப்பு அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. "கம்பெனியா? இதுல ஒரு ஆணிகூட அவனுங்களோடது இல்ல கண்ணு. எங்கப்பா கட்டுன வீடு. நல்லா எழுதிக்கோ."

மெரிடித் என்ற அந்த வெள்ளைக்காரப் பெண் நன்றாகவே எழுதிக்கொண்டாள்.

பெல்ஃபோர்ட் பஞ்சாலை மூடிப் பதினெட்டு வருடமாகிறது. இப்போது அதை அடுக்குமாடிக் குடியிருப்பு ஆக்குகிறார்கள். ஆலையையும் சுற்றிலும் கம்பெனி கட்டிய வீடுகளையும் வரலாற்றுப் பகுதி என்று அறிவிக்கப்போகிறார்கள். அதற்காக வீடுகளைக் கணக்கெடுக்க வந்தவள்தான் மெரிடித். அந்தப் பகுதிக்குள் வரும் வீட்டின் மேல் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் கம்பெனி வீடுகளில் எங்களைப் போன்ற கறுப்பர் ஒருவரையாவது குடிவைத்தார்களா? எங்களுக்கு ஆலையில் கிடைத்த வேலையே பஞ்சுப்பொதி உடைப்பதும் முற்றம் கூட்டுவதும்தான். அதனால்தான் அப்பா தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் சொந்தமாகக் கட்டினார். அந்தப் பெருமையில் வளர்ந்தவள் அக்கா. வேறு என்ன பதில் சொல்வாள்?

இரண்டு மாதம் கழித்து நகரசபைக் கடிதம் வந்தது. வரலாறு தண்டவாளத்தோடு முடிந்துவிட்டதாம். எங்கள் தெருவை எடுத்துக்கொண்டு, ஆலைக்குப் புதிதாகக் குடிவருபவர்களின் கார்களை நிறுத்த இடம் போடப்போகிறார்களாம். நாங்கள் பிறந்த அறையில் எவனோ கார் நிறுத்துவான்!

மெரிடித்துக்குப் போன் போட்டேன். பாவம், அவள் கெட்டவள் இல்லை. "கம்பெனிக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஏதாவது ஆதாரம் காட்டுங்க ஐயா, நான் சேர்த்துடறேன்" என்றாள்.

ஆதாரம் இருந்தது. எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். பொதி உடைக்கும் எந்திரம் அப்பாவின் மூன்று விரல்களைத் தின்றபோது கம்பெனி நஷ்டஈடு எதுவும் தரவில்லை. இடித்துப்போட்ட பழைய கிடங்கின் பலகைகளை அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். அந்தப் பலகைகளால்தான் வீடு கட்டினார். அவற்றில் கம்பெனி பெயர் கறுப்புச் சாயத்தில் இருந்தது. குடிவந்த அன்றே அப்பா பத்திரிகைத்தாளைப் பசைபோட்டு ஒட்டி அதை மறைத்தார். பிற்பாடு அதன்மேல் அக்கா பூப்போட்ட தாள் ஒட்டினாள்.

"சுவத்தக் கிழிச்சுக் காட்டிடலாம்க்கா."

"செருப்பால அடிப்பேன். அப்பன் மூடுனத நீ தொறப்பியா?"

"வீடே போகப்போவுது, மானம் பேசறியா நீ?"

"போடா வெளிய."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலை நான் போனபோது, கட்டிலை நகர்த்திவிட்டுச் சமையல் கத்தியால் அவளே சுரண்டிக்கொண்டிருந்தாள். பூத்தாள் உரிந்தது, அப்பா ஒட்டிய பத்திரிகை உரிந்தது. அப்பா படுத்துச் செத்த இடத்துக்கு நேர்மேலே முழ நீளத்துக்கு எழுத்து வந்தது. அக்கா அழவில்லை.

"போய்க் கூப்பிடு அவள" என்றாள்.

மெரிடித் பார்த்ததும் துள்ளினாள். "இது பொக்கிஷம்மா! மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" அக்கா கத்தியைக் கழுவப் போய்விட்டாள்.

வீடு தப்பியது. பக்கத்து நாலு வீட்டையும் இடித்துத் தார் போட்டுவிட்டார்கள். அக்டோபரில் இரண்டு பேர் வந்து முன்வாசல் கதவருகே வெண்கலத் தகடு அடித்தார்கள். பெல்ஃபோர்ட் பஞ்சாலைக் கம்பெனி வீடு என்று அதில் இருந்தது. கட்டியவர் அமோஸ் டில்லார்ட் என்று அப்பா பெயரையும் போடக்கூடாதா என்று மெரிடித்திடம் கேட்டேன்.

"அதுக்கு ஆதாரம் இல்லையே ஐயா" என்றாள்.

சனிக்கிழமைகளில் கூட்டம் வந்து தகட்டோடு படம் பிடித்துக்கொண்டு போகிறது. அக்கா முன்வாசலைப் பூட்டிவிட்டாள். முப்பது வருடம் ஆலை மேனேஜர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகச் சமைக்கப் போனவள், இப்போது கைத்தடியும் காய்கறிப் பையுமாகச் சேற்றில் சுற்றிப்போய், தன் வீட்டுக்குள்ளும் பின்வாசல் வழியாகவே நுழைகிறாள்.