மசக்கைக்கு ஒரு கெண்டை

ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே தாமிரபரணி வளைந்து திரும்பும் இடத்தில் ஆழமான ஒரு மடு உண்டு. கோடையில் ஆறு வற்றி மணல் தெரியும்போது மீனெல்லாம் அதற்குள்தான் ஒதுங்கும். ஆனியில் புதுவெள்ளம் வந்து குஞ்சு பரவும்வரை அங்கே யாரும் வலை போடக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. அதற்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டால் அவளுக்காக ஒரு மீன் பிடித்துக் கொடுக்கலாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் மடுக்காவல் மாசானத்திடம் இருந்தது. அவன் மனைவி அருணாசலவடிவு, கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டாகியிருந்தாள். உள்ளபடிக்கு அவளுக்கு மீன் வாடையே ஆகவில்லை. ஆனால் ஓரகத்தி சந்தனமாரி நெல் புடைத்துக்கொண்டே சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"ஊரு மீனுக்கெல்லாம் காவல் இருக்காரு ஒன் வீட்டுக்காரரு. ஒனக்கு ஒரு மீன் கொண்டாரணும்னு தோணலையே, ஏளா."

வடிவுக்குச் சுருக்கென்றது. மாசானம் சாப்பிட உட்கார்ந்ததும், சினைக்கெண்டை தின்ன வேண்டும்போல் இருக்கிறது என்றாள். அவன் எடுத்த கவளத்தை வட்டிலிலேயே வைத்தான்.

"சினை மீனா கேக்க?"

"கேட்டது குத்தமா?"

மறுநாள் காலையில் ஊர் பார்க்க அவன் மடுவில் இறங்கினான். வயிறு புடைத்த கெண்டை ஒன்றை வாழையிலையில் சுற்றி எடுத்துவந்தான். வடிவு சந்தனமாரி பார்க்கும்படி உட்கார்ந்து இரண்டு வாய் தின்றாள். பிறகு கொல்லைப்பக்கம் ஓடிப்போய் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள். மசக்கை என்று நினைத்து மாசானம் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

காவல்காரனே வலையை நனைத்த பிறகு அவன் யாரைத் தடுப்பது? முதலில் சுடலைமாடன் தன் மருமகள் செல்லக்கிளி பேரைச் சொல்லிக்கொண்டு வந்தான். பிறகு ஆளாளுக்கு வந்தார்கள். துறைமுகத்தில் சிப்பாய்களும் கூலியாட்களும் பெருகிக் கிடந்ததால் தூத்துக்குடியில் எந்த மீனுக்கும் கிராக்கி. மடுவின் சினைமீன்கள் கூடை கூடையாக ரயிலேறின.

"ஊருல இம்புட்டுப் பேரா உண்டாகியிருக்காளுவ?" என்று மாசானம் ஒருநாள் கேட்டே விட்டான்.

"மொதல்ல உம்ம வீட்டுலதான அண்ணாச்சி தொடங்குச்சு," என்றான் சுடலைமாடன். வலை இழுத்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனியில் வெள்ளம் வந்தது. வழக்கமாக வயல் மடைவாயில் பிள்ளைகள் துண்டை விரித்தால் குஞ்சு மீன் துள்ளும். அந்த வருஷம் வெறும் தண்ணீர்தான் ஓடியது. மேடிட்ட வயிற்றோடு வரப்பில் நின்ற வடிவு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"நீதானளா கேட்ட," என்றான் மாசானம்.

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எனக்கு அந்த ஆசையே இல்லை என்று சொல்ல மனசு வந்தது, வாய் வரவில்லை.

அடுத்த கோடைக்கு முன் மாசானமே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, இனி யாருக்கும் விலக்கு வேண்டாம் என்று கேட்டான். ஊரும் சம்மதித்தது. மடுவில் மிஞ்சியிருந்ததே கொஞ்சந்தான்.

பங்குனியில் ஒரு மத்தியானம், வடிவு பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தபோது, செல்லக்கிளி கொல்லைவாசலில் வந்து நின்றாள். போன வருஷம் மாமனார் பொய்யாகச் சொன்னது இந்த வருஷம் நிசமாகியிருந்தது. முகம் வெளிறி, கண் உள்ளே போயிருந்தது.

"அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்கக்கா. ஒரே ஒரு கெண்டை. வேற எதுவும் வாயில வைக்க முடியல."

இது மெய்யான ஆசை என்று வடிவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. உள்ளே கயிறு திரித்துக்கொண்டிருந்த மாசானத்தின் கை நின்றது. அவன் வெளியே வரவில்லை.

"முடியாதும்மா," என்றாள் வடிவு. "தூத்துக்குடிக் கருவாடு இருக்கு. சுட்டுத் தாரேன், தின்னு."

"ஒங்களுக்குக் குடுத்தாவல்லாக்கா?"

"குடுத்தாவ."

செல்லக்கிளி கருவாட்டுக்காக நிற்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வெயிலில் மெல்ல நடந்து போனாள்.