மரியாதைக்குக் கழற்றிய டர்போ

என் கார் நடுரோட்டில் செத்ததற்கு நான்தான் காரணம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். ஸ்பானர் பிடித்த கை யாருடையது? அவளைப் பெற்ற அப்பாவுடையது. நான் செய்ததெல்லாம் பக்கத்தில் நின்று "சரிங்க மாமா" என்றது மட்டும்தான். அதுதான் குற்றம் என்கிறாள். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டவளைத் திரும்ப அழைத்து வரத்தான் அந்த வெள்ளிக்கிழமை நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோபத்துக்குக் காரணம் என் அண்ணன். "வேற வீடு கிடைக்கிற வரைக்கும், ரெண்டே ரெண்டு வாரம்" என்று வந்தவர் நான்கு மாதமாகியும் எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஒண்டிக்கட்டையாக வந்திருந்தால்கூடத் தேவலை. கூண்டு கூண்டாக லவ் பேர்ட்ஸோடு வந்தார். விடிந்தால் அடைந்தால் ஒரே கீச்சு கீச்சு. அதுகளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டுமாம். எங்கள் வீட்டில் வெளிச்சம் உள்ள அறை ஒன்றே ஒன்றுதான். அது என் மனைவி தைக்கிற அறை. பறவைகள் உள்ளே வந்தன, அவளுடைய தையல் மிஷின் படிக்கட்டுக்கு அடியில் போனது. அவள் தைத்துக் கொடுத்த ஒரு வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டு மஞ்சள் இறகு ஒட்டிக்கொண்டு போய், போன வேகத்தில் திரும்பி வந்தது.

"உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

"சொல்றேன்" என்றேன். சொல்லத்தான் போவேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் "சாப்டீங்களாண்ணா?" என்றுதான் வாயில் வரும். மூத்தவரை எந்த வாயால் வெளியே போகச் சொல்வது? மனிதனுக்கு மரியாதை என்று ஒன்று வேண்டாமா? இப்படியே நான் மென்று முழுங்கிக்கொண்டிருந்ததில் ஒருநாள் அவள் பையைத் தூக்கிவிட்டாள்.

"நீங்க வாயத் தொறந்து சொல்லி அவரு போகணும். அவரா போனா அது கணக்குல இல்ல. அதுவரைக்கும் நான் வரமாட்டேன்" என்றாள் வாசலில் நின்று.

மாமனார் வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி "டக், டக்" என்றது. கேட்டைத் திறக்க வந்த மாமனார் காதைச் சாய்த்துக் கேட்டார். அந்தக் காதைப் பார்த்ததுமே நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கை சும்மா இருக்காத மனிதர். அந்த வீட்டில் அவர் கை படாத பொருள் ஒன்றும் கிடையாது, ஒழுங்காக வேலை செய்கிற பொருளும் ஒன்றும் கிடையாது.

"மாப்பிள்ளை, முன்னால இடது பக்கம் சத்தம் வருதே. சஸ்பென்ஷன் போல. நான் வேணா ஒரு பார்வை பாக்கட்டா?"

பெண்டாட்டியைக் கூட்டிப் போக வந்தவன் பெண்ணைப் பெற்றவரிடம் என்ன சொல்ல முடியும்? "நீங்க பாத்தா நல்லதுதாங்க மாமா" என்றேன். மரியாதை தெரிந்த எவனும் இதற்கு "தயவுசெய்து பார்க்காதீர்கள்" என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வான். அவர் உள்ளே போய் ஜாக்கியை எடுத்து வந்தார்.

"சக்கரம் மேல போகுது, கீழ வருது. காலம் பூரா நான் மேல போறதையும் கீழ வர்றதையும்தான் சோதனை பண்ணேன். லிஃப்டுக்குக் கயிறு, இதுக்கு ஸ்பிரிங். அவ்வளவுதான மாப்பிள்ளை?"

"ஆமாங்க மாமா."

போனில் ஒரு வீடியோ போட்டு பானட்டின்மேல் சாய்த்து வைத்தார். ஏதோ ஒரு நாட்டுக்காரன் ஏதோ ஒரு வண்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். சத்தத்தை அடைத்துவிட்டிருந்தார். "இவன் பேச்சக் கேட்டா குழப்பம்தான் மிஞ்சும் மாப்பிள்ளை. கைய மட்டும் பாத்தா போதும்." அது வேறு வண்டி ஆயிற்றே என்று இழுத்தேன். "எல்லா வண்டியும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்கதான்" என்றார்.

என் மனைவி டீ கொண்டுவந்தாள். வண்டியின் ஒரு கால் கழன்று தரையில் கிடந்தது.

"அப்பாகிட்ட வேணாம்னு சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது?"

"இதுக்குத்தான் நான் இங்க வந்து உக்காந்திருக்கேன்" என்றாள். டம்ளரை மட்கார்டின்மேல் நங்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை கடையிலிருந்து சஸ்பென்ஷனுக்குப் புது லிங்க் கம்பி வாங்கி வந்து மாட்டினார். நல்லதுதான். ஆனால் வண்டி தரையில் நிற்கும்போது முறுக்க வேண்டிய அத்தனை போல்ட்டையும், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுமூச்சாக முறுக்கித் தொலைத்தார். வண்டியைக் கீழே இறக்கியதும், கேள்வி கேட்கிறவன் ஒரு புருவத்தைத் தூக்குவதுபோல இடது பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது.

"புதுச் சாமான்ல, கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்" என்றார்.

தெருவை ஒரு சுற்று சுற்றினோம். "டக் டக்" போய்விட்டது. அந்த இடத்தில் "கிறீச்" வந்துவிட்டது. "சத்தம் மாறிடுச்சு பாத்தீங்களா!" என்று பூரித்துப்போனார். "ஆமாங்க மாமா, நல்ல முன்னேற்றம்" என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதோடு விட்டாரா? நான் வேகம் கூட்டியபோது எஞ்சினிலிருந்து வந்த மெல்லிய விசில் அவர் காதில் விழுந்துவிட்டது. பாம்புக் காது அவருக்கு.

"டர்போ!" என்றார், புதையல் கண்டவர் மாதிரி. "உள்ள ஒரு குட்டி ஃபேன் இருக்கும் மாப்பிள்ளை. புகை வெளிய போற வேகத்துல அது சுத்தி, எஞ்சினுக்குக் காத்த அமுக்கி அனுப்பும். அதுல அழுக்குச் சேந்திருக்கும். வீட்டு ஃபேன நாம தொடச்சு மாட்றதில்ல?"

அந்த விசில் ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு காற்றுக் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. திருப்புளியால் ஒரு திருகு திருகினால் முடிந்தது கதை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"மாமா, அது வந்து..."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"ஒண்ணுமில்லைங்க மாமா. டீ ஆறிடப் போகுது."

அன்று சாயங்காலம் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகப் போய் நின்றேன். "அண்ணன்கிட்ட பேசிட்டீங்களா?" என்றாள். "போன்ல எப்படிம்மா, நேர்ல பாத்து..." என்றேன். "நாலு மாசமா நேர்லதான இருந்தீங்க" என்றாள். ஈரத் துணியை உதறியதில் என் முகமெல்லாம் தண்ணீர். அவள் வராமலே போய்விடுவாளோ என்று அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை டர்போவுக்குப் போகிற பெரிய குழாயைக் கழற்றினார். "திருகு கிருகு உள்ள விழுந்தா குடி முழுகிடும்" என்று மாமியாரின் பழைய தலையணை உறையைக் கிழித்து, குழாய்க்குள் திணித்து அடைத்தார். மூன்று நாளில் அவர் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. பிறகு பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அந்தக் குட்டி ஃபேனைத் துலக்கி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். சாவியைத் திருப்பினேன். வண்டி எடுத்துக்கொண்டது! மாமியார் கைதட்டினார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். அப்பாடா, தப்பித்தோம் என்று பானட்டைச் சாத்தப் போனேன்.

"இருங்க மாப்பிள்ளை" என்று மாமனார் திருப்புளியோடு மறுபடி அந்தக் குழாய்க்கே கையை நீட்டினார்.

எனக்குள் எங்கோ ஒரு மூடி பிய்த்துக்கொண்டது. "தொடாதீங்க!" என்று கத்தினேன். "போதும் மாமா! நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிய அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சுப் போட்டீங்க! இனிமே ஒரு திருகாணியக்கூட நீங்க தொடக்கூடாது!"

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் நின்றது. மாமனார் கையை இழுத்துக்கொண்டார். "இல்ல மாப்பிள்ளை, அதுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சரிங்க மாப்பிள்ளை. நீங்க சொன்னா சரிதான்." அவரே பானட்டை மெல்லச் சாத்தினார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரிய மனிதரைப் போய், அவர் வீட்டு வாசலில் வைத்து! காலில் விழுந்துவிடலாமா என்று திரும்பினால், என் மனைவி கதவருகே நிற்கிறாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உள்ளே போனாள், பையோடு திரும்பி வந்தாள்.

"எங்கப்பாவையே அதட்டிட்டீங்க. உங்க அண்ணன் எம்மாத்திரம்? வண்டிய எடுங்க."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி கிறீச்சிட்டது, ஒவ்வொரு கிறீச்சுக்கும் இரண்டு பேரும் சிரித்தோம். "கல்யாணமான நாள்லேருந்து உங்க கொரல இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றாள். "வீட்டுக்குப் போன உடனே அண்ணன்கிட்ட சொல்லிடறேன் பாரு" என்று மார்தட்டினேன். பாலத்து ஏற்றம் வந்தது. வீரம் காலுக்கும் இறங்கியிருந்தது, ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தேன்.

வண்டி ஒரு முக்கு முக்கியது, ஒரு இருமல் இருமியது. பின்னால் ரோடே தெரியாத அளவுக்குக் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. ஹாரன் அடித்தவர்களே இறங்கி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

புகைக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மாமனார்.

"நிக்கும்னு தெரியும் மாப்பிள்ளை" என்றார், குற்றவாளிபோலத் தலையைக் குனிந்துகொண்டு. "அந்தத் துணி குழாய்க்குள்ளயே இருக்கு. எடுக்க மறந்துட்டேன். நெனப்பு வந்து, எடுக்கலாம்னுதான் கைய வச்சேன். நீங்க தொடாதீங்கன்னுட்டீங்க."

"சொல்லியிருக்கலாமே மாமா!"

"மாப்பிள்ளை பேச்ச எப்படித் தட்றது? ஒரு மரியாதை இல்லையா? அதான், எங்கயாவது நின்னா ஒத்தாசையா இருக்கலாமேன்னு பின்னாலயே வந்தேன்."

ஆயுசுக்கு ஒரு தடவை வாயைத் திறந்தேன். அந்த மனிதர் சரியான காரியம் செய்யப்போன நேரம் பார்த்தா திறக்க வேண்டும்? நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. என் போனை எடுத்து நீட்டினாள்.

"உங்க அண்ணனுக்குப் போடுங்க. வீட்டுக்குப் போய் இல்ல. இப்பவே, இங்கயே. நானும் கேக்கணும்."

ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் பறவைகள்தான் பேசின. பிறகு அண்ணன். "சொல்லுடா தம்பி."

"சாப்டீங்களாண்ணா?" என்றேன். அவள் பார்வையிலேயே எரிந்துபோனேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, அந்த ரூம் அவளுக்கு வேணும்ணா. நீங்க வேற வீட்டுக்குப் போயிடணும்."

அண்ணன் கூண்டின்மேல் துணியைப் போட்டார் போல, கீச்சுச் சத்தம் அடங்கியது.

"வீடு அப்பவே கெடச்சிருச்சேடா" என்றார் அண்ணன். "வந்த மூணாவது வாரமே. பூட்டித்தான் கெடக்கு."

"அப்புறம் ஏண்ணா போகல?"

"எப்படிடா போறது? டெய்லி சாப்டீங்களா, தூங்கினீங்களா, பறவைங்களுக்கு வசதியா இருக்கான்னு அப்படி விழுந்து விழுந்து கவனிக்கிற. பொசுக்குன்னு கெளம்பினா உன் மனசு நோகாதா? நீயா சொல்ற வரைக்கும் இருப்போம்னு நானும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை நீ கெளம்பறப்பவே சொல்லியிருந்தா இந்நேரம் போயிருப்பேனே!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்! "தங்கமான மனுஷன்" என்று மாமனார் உருகினார். "கேட்டியா, கேட்டியா" என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷக் கண்ணீர் இல்லை அது.

"நாலு மாசம் படிக்கட்டுக்கு அடியில குனிஞ்சு உக்காந்து தச்சேன்" என்றாள். "தல நிமிந்தா படி இடிக்கும். நீங்க அவருக்கு மரியாதை, அவரு உங்களுக்கு மரியாதை. நீங்க எங்கப்பாவுக்கு, எங்கப்பா உங்களுக்கு. அள்ளி அள்ளிக் குடுத்தீங்களே, அதுல எனக்கு யாராவது ஒரு துளி குடுத்தீங்களா?"

மாமனார் தன் செருப்பைப் பார்த்தார். நான் அணைந்துபோன போனைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, மாமனாரைப் பார்த்துக் கத்தியபோது வந்ததைவிடப் பெரிய வெட்கம்.

மாமனாரால்தான் சும்மா நிற்க முடியவில்லை. "வண்டிய வேணா வீட்டுக்கு இழுத்துட்டுப் போயி நானே..."

"வேணாங்க மாமா. மெக்கானிக்க வரச் சொல்லிடறேன்."

"நெஜமா வேணாமா மாப்பிள்ளை, இல்ல மரியாதைக்குச் சொல்றீங்களா?"

"நெஜமா வேணாம் மாமா."

தலையை ஆட்டினார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. திருப்புளியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். மெக்கானிக் வரும்வரை வண்டிக்குக் காவல் இருப்பதாகச் சொன்னார்.

எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ் வந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். நானும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றே வந்திருப்பேன்.

"பைய எடு. நான் உன் பக்கத்துல உக்காரணும்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையை எடுத்தாள். நான் உட்கார்ந்ததும் அதை என் மடியில் வைத்தாள்.

"கனமா இருக்கு. வீடு வரைக்கும் நீங்களே வச்சிருங்க."