தள்ளிவைத்த ஏரி

நிலத்தின் மரபைக் காப்பாற்றவே பிறந்தவர் விஜயநகரில் செந்தில்நாதன் ஒருவர்தான். அதை அவரே சொல்வார். குடியிருப்போர் சங்கத் தலைவரானதும் முதல் வேலையாக ஓர் இணையதளம் செய்யச் சொன்னார். தெருப் பெயரைத் தட்டி, திரையை விரலால் தேய்த்தால் போதும். இன்றைய வீடுகள் மறைந்து, அந்தக் காலத்து வயலும் வாய்க்காலும் தெரியும். விரல் ஏரியில் பட்டால் தவளை கத்தும். திறப்பு விழாவில், இந்த மண்ணின் ஒவ்வொரு வாய்க்காலையும் பிள்ளைகளுக்குக் காட்டாமல் ஓயமாட்டேன் என்று மைக்கில் முழங்கினார். கைதட்டல் அடங்குமுன்னே பக்கத்து வீட்டு மல்லம்மா அவர் தெருவைத் தேய்த்துப் பார்த்தாள். தவளை கத்தியது. சரியாக அவர் வீட்டின் மேல், நடு ஏரியில் கத்தியது.

மைக்கை வைத்துவிட்டு அவசரமாக இறங்கினார்; அவர் வீட்டை விற்கவிருந்த நேரம் அது. மனைவி சுந்தராம்பாளுக்கு முழங்கால் போய்விட்டது. படுக்கையறையோ மாடியில், கீழறையை இவர் சங்க அலுவலகமாக்கி, மரபுப் படங்களாக மாட்டிவைத்திருந்தார். வீட்டை விற்று, லிஃப்ட் உள்ள ஃப்ளாட்டுக்குப் போவதென்று முடிவாகி, அவள் பாத்திரங்களைக்கூடக் கட்டிவைத்துவிட்டாள். நகரின் வடக்கே ஹெப்பாளில் வேலை பார்க்கும் சந்திரனுக்கு வீடு பிடித்துப்போயிற்று. தன் காலி மனையை விற்றதும் கிரயம் பண்ணிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஏரிக்குள் இருக்கிற வீட்டை எவன் வாங்குவான்?

மறுநாளே, இணையதளம் செய்த வினிதாவின் முன்னால் போய் உட்கார்ந்தார். பழைய வரைபடத்தில் உள்ளதைத்தான் போட்டேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துப் படிக்கிறார்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மரபென்றால் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டாமா என்று இவர் கேட்டார்.

"எங்க சார் கொண்டுபோய் வெக்கிறது?"

"வெளிவட்டச் சாலைக்கு அந்தாண்ட தள்ளிடும்மா. எல்லாம் காலி மனை. அங்க யாரு வந்து கேக்கப் போறாங்க?"

சம்பளம் தருவது சங்கம்தானே. வினிதா ஏரியைத் தூக்கி அங்கே வைத்தாள். கரை, மதகு, தவளை எல்லாம் கூடவே போயின. ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏரியை நகர்த்திய மகராசன், சந்திரனுக்கு இணைப்பை அனுப்பி, ஊருக்கெல்லாம் காட்டுங்கள் என்று எழுதினார். தன் சாமர்த்தியத்தை மனைவியிடமும் அளந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் சந்திரன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"வெளிவட்டச் சாலைக்கு அந்தாண்ட இருக்கிற என் மனைய வாங்கறவரு பின்வாங்கிட்டாருங்க. நீங்க அனுப்பினத நாந்தான் அவருக்கும் அனுப்பினேன். தேய்ச்சுப் பாத்திருக்காரு, தவள கத்துதாம். அது விக்காம இந்த வீட்ட நான் எப்படி வாங்கறதுங்க?"

செந்தில்நாதன் வாயைத் திறந்தார். அங்கே ஏரியே இருந்ததில்லை என்று சொன்னால், பின்னே எங்கே இருந்தது என்று கேட்பார். தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

சந்திரன் போனபின் சுந்தராம்பாள் மூட்டையை அவிழ்த்து, பாத்திரங்களைத் திரும்ப அடுக்கினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏனுங், அத்தாம்பெரிய ஏரியவே தூக்கி வெச்சீங்க. எம்பட கட்டில மட்டும் கீழறைக்கு எறக்க முடியலீங்களா?"