எதிர்வீட்டு இன்ஜினியர்

போர்த்துகலில் சின்ன ஊரான வாலே ரோலாவில் சொந்த வீடு வைத்திருக்கிற ஒரு மனிதன், அதே வாலே ரோலாவில் ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்க வேண்டுமென்றால் அதற்கு நல்லதாக ஒரு பொய் வேண்டும். பெலார்மீனோ கொஞ்ச நாளாக அந்தப் பொய்யைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

விடுதி எங்கோ தூரத்தில் இல்லை, எதிர்வீடுதான். முகம் மழிக்கும்போது கண்ணாடியைச் சற்றே திருப்பினால் அதன் நீலக்கரை போட்ட சுவரும், கொடியில் காய்கிற படுக்கை விரிப்புகளும் தெரியும். விரிப்புகளைக் காயப்போடுகிற தெயோலிந்தா அம்மாளும் தெரிவார். கண்ணாடி அப்படித் திரும்பி இரண்டு வருஷமாகிறது. மனிதர் ஒரு பக்கத்துக் கன்னத்தைத்தான் ஒழுங்காக மழித்துக்கொள்கிறார்.

பெலார்மீனோ ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வேலை பார்த்த காலமெல்லாம் தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று ஒரு பலகை தொங்கியது. வாலே ரோலாக்காரர்கள் சட்டத்தை மதிப்பவர்கள், யாரும் பேசவில்லை. ஓய்வு பெற்றபோது பலகை பஸ்ஸிலேயே தங்கிவிட்டது, பழக்கம் மட்டும் கூடவே இறங்கி வந்துவிட்டது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கேட்க வாய் வந்திருந்தால் அல்லவா நடந்திருக்கும்? தெயோலிந்தா அம்மாளிடம் இதுவரை அவர் பேசியதெல்லாம் "வணக்கம்", "வெயில்" என்ற இரண்டு சொற்கள்தான்.

அப்படியே காலம் போயிருக்கும். காபிக்கடை ஃபிர்மீனோதான் அதைக் கெடுத்தான். ஃபிர்மீனோவின் மகனுக்கு பெலார்மீனோ ஞானத்தகப்பன். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"சேதி தெரியுமா கொம்பாத்ரே? உன் எதிர்வீட்டம்மா கடையைக் கட்டுறாங்க. அருளப்பர் திருநாள் முடிஞ்ச கையோட பிரான்சுக்கு, மக வீட்டுக்கு. புருஷன் போயி வருஷம் ஆறாச்சு, இங்க தனியா என்னத்துக்குன்னு மக ஒரே அழுகையாம்."

பெலார்மீனோவின் காபி ஆறியது. ஜூன் கடைசியில் வருகிற அந்தத் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தார். நேரே போய்க் கதவைத் தட்டினால்? தனியாள் ஒருவர் ஒரு விதவை வீட்டுப் படியேறினால் சாயங்காலத்துக்குள் ஊர் அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்து, சண்டை மூட்டி, பிரித்தும் வைத்துவிடும். ஆனால் விருந்தாளி என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த விடுதியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு நீளமான மேசை. அதன் தலைப்பக்கத்தில் தெயோலிந்தா அம்மாள் உட்கார்ந்து விருந்தாளிகளோடு சேர்ந்தே சாப்பிடுவார். மூன்று ராத்திரி அந்த மேசையில் இடம் கிடைத்தால் போதும். மூன்றாம் ராத்திரியாவது வாய் திறந்துவிடாதா?

முதல் பொய்க்குக் குழாயைப் பிடித்தார். சமையலறைத் தொட்டிக்கு அடியில் மரையைத் தானே கழற்றிவிட்டு, தண்ணீர் தரையில் பரவுவதைத் திருப்தியோடு பார்த்துவிட்டுப் பெட்டியை எடுக்க மாடிக்குப் போனார். வீட்டில் வெள்ளம், விடுதிக்குப் போகிறேன், இதைவிட நியாயமான காரணம் என்ன வேண்டும்? ஆனால் வாலே ரோலாவில் எந்த வீட்டுச் சாவியும் பகலெல்லாம் வெளிப்பக்கம் கதவிலேயேதான் இருக்கும். பெட்டியோடு இறங்கி வந்தபோது பக்கத்து வீட்டு எர்மீனியா முழங்காலிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மருமகன் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

"பயப்படாதீங்கண்ணே, மரைதான் கழண்டிருக்கு. முடிஞ்சிருச்சு. ஆமா, பெட்டி எதுக்கு?" என்றாள் அவள்.

"தண்ணி... நனைஞ்சிடும்னு," என்றார் பெலார்மீனோ.

"மாடியிலயா?" என்றாள் எர்மீனியா.

இரண்டாவது பொய் சுண்ணாம்பு. திருநாளுக்கு முன் வீடு வெள்ளையடிப்பது ஊர் வழக்கம். உள்ளேயும் அடித்தால் நெடி போக மூன்று நாளாவது வெளியே தங்கித்தானே ஆகவேண்டும்? நிதானமாக வேலை செய்வான் என்று பெயர் வாங்கிய வெளியூர் ஆளாகப் பார்த்துப் பேசிவைத்தார். சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் ஃபிர்மீனோ தலைமையில் பாதி ஊர் மட்டையும் வாளியுமாக நிற்கிறது.

"வெளியூர்க்காரனைக் கூப்பிட்டியாமே? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

பொழுது சாய்வதற்குள் வீடு பளபளவென்று ஆகிவிட்டது. நெடியில் படுக்கக்கூடாது என்று எர்மீனியா அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் தன் பேரப்பிள்ளைகளின் அறையில் கட்டில் போட்டாள். அந்த ஜன்னலிலிருந்து எதிரே விடுதியின் சாப்பாட்டு மேசை நன்றாகவே தெரிந்தது. யாரோ நெட்டையான ஒரு டச்சுக்காரன் ஏதோ சொல்ல, தெயோலிந்தா அம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெலார்மீனோவுக்கு வயிறு எரிந்தது. டச்சுக்காரனுக்கு போர்த்துகீசு மொழியில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டே அவன் சிரிக்கவைக்கிறானே!

மறுநாள் தன் வீட்டுக்குத் திரும்பியதும் அவர் தொலைபேசியை எடுத்தார். அந்தக் காலத்தில் கூப்பிடுவது யாரென்று தொலைபேசி காட்டிக்கொடுக்காது. மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, நாட்டின் வடக்கே பிராகா நகரத்துக்காரர்கள் பேசுகிற தோரணையில் ஆரம்பித்தார்.

"ஹலோ, விடுதிங்களா? நான் பிராகாவுலேருந்து பேசறேன். இன்ஜினியர் மெய்ரேலிஷ்."

"சொல்லுங்க இன்ஜினியர் ஐயா. எத்தனை ராத்திரி?" என்றது தெயோலிந்தா அம்மாளின் குரல்.

"மூணு."

"தனியாவா?"

"தனியாத்தான். நான் எப்பவும் தனிதான்," என்றார். சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. கேட்டதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தது அதுதான் முதல்முறை.

"பூண்டு சேருமா? எங்க வீட்டு அசோர்தாவுல பூண்டும் கொத்தமல்லியும் தூக்கலா இருக்கும். ரொட்டி கொதிக்கிற சூப்புல நல்லா ஊறியிருக்கும்."

"பூண்டு சேராதவனுக்கு அசோர்தா எதுக்குங்க? கஞ்சி குடிச்சிட்டுப் படுக்க வேண்டியதுதானே?"

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. டச்சுக்காரனுக்குக் கிடைத்ததை விட நீளமான சிரிப்பு. பெலார்மீனோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். எதிரே முகம் இல்லை என்றால் நாக்கு தானாகப் புரள்கிறதே! அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது.

"அங்க என்னங்க மணிச் சத்தம்?" என்றார் தெயோலிந்தா அம்மாள்.

"பிராகாவுல கோயிலுக்கா பஞ்சம்?"

"எங்க ஊரு மணி மாதிரியே கீறல் விழுந்த சத்தமா இருக்கே."

"வயசானா எல்லா மணியும் ஒண்ணுபோலத்தாங்க."

வாலே ரோலா மணி, முதல்முறை எண்ணத் தவறியவர்களுக்காகச் சற்றுப் பொறுத்து அதே மணியை இன்னொரு தடவை அடிக்கும். அது ஞாபகம் வந்து, அவர் ரிசீவரை நாற்காலியில் கிடந்த தலையணைக்குள் திணித்தார்.

அதற்குப் பிறகு இன்ஜினியருக்குச் சந்தேகங்கள் வந்துகொண்டே இருந்தன. தலையணை பஞ்சா, இறகா? ஜன்னல் தெருப் பக்கமா, தோட்டப் பக்கமா? சேவல் கூவுமா? சேவல் பற்றி மட்டும் இரண்டு சாயங்காலம் பேசினார்கள். அப்படி இப்படி பாதி நேரம் அறையைப் பற்றிய பேச்சே இருக்காது. வழியில் ஆடு மேய்ந்ததற்காகப் பஸ்ஸை நிறுத்திய கதையைச் சொல்லிவிட்டு, "அதாவது, நான் போன பஸ்ஸை ஒரு டிரைவர் நிறுத்தினாரு," என்று சமாளித்தார். அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. "நல்ல டிரைவர்தான்," என்றார்.

ஒரு நாள் அவரே துணிந்து கேட்டார். "விடுதியை மூடப்போறதாக் கேள்விப்பட்டேனே?"

"மக கூப்பிடுறா. பேரப்பிள்ளை பொறக்கப் போகுது. போக வேண்டியதுதான். இங்க என்னை இருன்னு சொல்ல யாரு இருக்கா?"

பதில் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் பிராகா இன்ஜினியர் அதை எந்த உரிமையில் சொல்வார்?

"ஏங்க, எதிர்வீட்டுல கூடவா யாரும் இல்ல?"

"இருக்காரு ஒருத்தரு. தங்கமான மனுஷன். என்ன பிரயோசனம்? வாயில கொழுக்கட்டை."

அன்று பெலார்மீனோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தங்கமான மனுஷன் என்றதில் கொஞ்ச நேரம் மிதந்தார், கொழுக்கட்டையில் மீதி நேரம் மூழ்கினார். முட்டாள்தனமும் புரிந்தது. அந்த மேசைக்கு இவர் ஒருவனைத் தயார் செய்து வைத்திருக்கிறார். அவன் சிரிக்கவைக்கிறான், கதை சொல்கிறான். ஆனால் அவன் பெலார்மீனோ இல்லை.

இருந்தாலும் தேதி குறித்தாகிவிட்டது. திருநாளுக்கு நான்கு நாள் முன்பு, காலை முதல் பஸ்ஸில் பக்கத்து ஊருக்குப் போனார். அங்கே பூங்காவில் பகலைக் கழித்துவிட்டு, டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் அணிந்துகொண்டு மாலை பஸ்ஸில் வெளியூர்க்காரராகத் திரும்பி வந்தார். இருட்டுகிற நேரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார். அந்த நாட்டில் ஜூன் மாதத்தில் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பது டிரைவருக்கு மறந்துபோனது ஆச்சரியந்தான்.

பஸ் நின்றது. ஃபிர்மீனோ கடையின் வெளி மேசைகளில் ஒரு நாற்காலி காலியில்லை. ஃபிர்மீனோவே ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"வாங்கய்யா! வெளியூருங்களா?"

பெலார்மீனோவுக்கு நம்பமுடியவில்லை. ஒரு தொப்பிக்கு இவ்வளவு சக்தியா? "ஆமா, பிராகா," என்றார் மூக்கால்.

"பார்த்தாலே தெரியுது. விடுதிக்குத்தானே? வாங்க, நானே காட்டறேன்."

கூட்டமும் எழுந்து பின்னால் வந்தது. எர்மீனியா பக்கத்தில் வந்து, மிக மரியாதையாகத் தலையைக் குனிந்து சொன்னாள்: "அருமையான விடுதிங்கய்யா. குழாய் ஒழுகாது. அப்படியே ஒழுகினாலும் மாடி வரைக்கும் வராது."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பெலார்மீனோவின் காது சிவந்தது. வீட்டுச் சுவர் எத்தனை மெல்லியது, அதற்கு அந்தப் பக்கம் எர்மீனியா எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருந்திருப்பாள் என்பதெல்லாம் அப்போதுதான் உறைத்தது. திரும்பி ஓடலாமென்றால் பெட்டி ஃபிர்மீனோ கையில்.

"இந்த வீட்டைப் பாருங்க ஐயா," என்று ஃபிர்மீனோ அவருடைய சொந்த வீட்டையே அவருக்குக் காட்டினான். "ஒரு டிரைவரு இருக்கான். எங்க ஊருலயே பெரிய பேச்சாளி. வருஷத்துக்கு ரெண்டு வார்த்தை."

"சும்மா சொல்லாத. போன வருஷம் மூணு பேசினாரு," என்றாள் எர்மீனியா. "கால் இடறி விழுந்தப்ப."

விடுதிக் கதவு திறந்திருந்தது. தெயோலிந்தா அம்மாள் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் அந்த நீளமான மேசை. அதில் இரண்டே இரண்டு தட்டுகள். பூண்டு வாசனை தெரு வரை வந்தது.

"வாங்க இன்ஜினியர் ஐயா. பிரயாணம் சௌகரியமா?"

அந்த அம்மாளும் சிரிக்காமலே கேட்டார். இன்ஜினியராகவே உள்ளே போய்விடலாம், பேச்சு வரும், மூன்று ராத்திரியும் நன்றாகப் போகும். நாலாம் நாள் இன்ஜினியர் பிராகாவுக்குப் போய்விடுவார், திருநாள் முடிந்ததும் அந்த அம்மாள் பிரான்சுக்குப் போய்விடுவார். எதிர்வீட்டில் ஒரு டிரைவர் மட்டும் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு மிச்சமிருப்பார்.

பெலார்மீனோ தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினார்.

"நான் இன்ஜினியர் இல்லீங்க."

"ஐயையோ!" என்றான் ஃபிர்மீனோ. எர்மீனியா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தெயோலிந்தா அம்மாள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பின்ன யாரு?"

"எதிர்வீடு."

"எதிர்வீட்டுல இருந்துக்கிட்டு அறை எதுக்கு?"

"அறை வேண்டாங்க." பின்னால் ஊர் முழுக்க நிற்கிறது. இந்தத் தடவை ஒருவரும் இருமவில்லை. "போகாதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். இதைச் சொல்லத்தான் குழாயைக் கழட்டினேன், சுண்ணாம்பு அடிச்சேன், பொய் சொன்னேன். போகாதீங்க."

அம்மாள் அவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மக நிறைமாசம். டிக்கெட் எடுத்தாச்சு. திருநாள் முடிஞ்சதும் கிளம்பித்தான் ஆகணும்."

பெலார்மீனோ தலையை ஆட்டினார். ஃபிர்மீனோவின் கையிலிருந்த பெட்டி தானாகத் தரைக்கு இறங்கியது. எர்மீனியாவின் முகத்திலிருந்த குறும்பும் எங்கோ போய்விட்டது.

"ஆனா ஒண்ணு," என்றார் தெயோலிந்தா அம்மாள். "இந்த நிமிஷம் வரைக்கும் நான் போறதாத்தான் இருந்தேன். இப்ப போயிட்டு வர்றேன்."

அவர் கதவைவிட்டு விலகி நின்று வழிவிட்டார். பெலார்மீனோ உள்ளே போனதும் ஊரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.